ஒடுக்கு விழுந்த டம்ளர்

"ஒடுக்கைத் தட்டி எடுத்துட்டா அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்துடுவேன்மா. இப்படியே செய்யச் சொன்னா என் மெஷின் நொண்டியடிக்கும்" என்றார் லேசர்க்காரர்.

"ஒடுக்கு அப்படியே இருக்கணும்ண்ணே. எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கோம்" என்றாள் டம்ளரைக் கொண்டுவந்த பெண்.

பழைய எவர்சில்வர் டம்ளர். அடிப்பக்கம் ஒரு புறமாக நசுங்கியிருந்தது. உடம்பெல்லாம் கீறல். பழைய இரும்புக் கடைக்காரன்கூட எடை போட யோசிப்பான்.

அந்தத் தெருவில் பாத்திரத்தில் பெயர் பொறிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. பதினோரு வருஷத்தில் பரிசுக் கோப்பை, கண்ணாடி கிளாஸ், தண்ணீர் பாட்டில் என்று அவர் கையில் உருளாத பொருள் இல்லை. ஆனால் உருளவே மறுக்கும் ஒன்றை யாரும் கொண்டுவந்ததில்லை.

"என்ன எழுதணும்?"

அந்தப் பெண் கைப்பேசியை நீட்டினாள். எழுத்தே இல்லை. ஏதோ ஓர் ஒலிப்பதிவு, திரையில் ஏறி இறங்கும் கோடாக நின்றது.

"இதை டம்ளரைச் சுத்தி ஒரே கோடா போடணும். தொடங்கின இடமும் முடியிற இடமும் ஒட்டிக்கணும். ஆழமா வெட்டணும்ண்ணே. விரலால தடவினா தட்டுப்படணும்."

"தகடு இருக்கற இருப்புக்கு ஓட்டை விழுந்துட்டா என்னைத் திட்டக் கூடாது."

"நீங்க விழ விட மாட்டீங்க."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவளோடு வந்தவர் சுவரோரப் பெஞ்சில் அமர்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, காய்ப்பேறிய கை. "அப்பாவுக்கு டீ சொல்லட்டுமா?" என்று லேசர்க்காரர் அவர் பக்கம் பார்த்துக் கேட்டார். அவர் அசையவில்லை.

"அவருக்குக் காது கேக்காதுண்ணே. பொறந்ததுல இருந்தே" என்றவள் விரல்களால் ஏதோ கேட்டாள். அவர் சிரித்தபடி தலையாட்டினார்.

லேசர்க்காரருக்கு மனதில் முள் தைத்தது. காது கேளாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தத்துக்குப் படம் போடச் சொல்கிறாளே. அம்மாவின் கடைசிப் பேச்சாக இருக்கும். டம்ளரும் அந்த அம்மா குடித்ததாக இருக்கும். இப்படித் தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஒரு காகிதத் துண்டை டம்ளரில் சுற்றிச் சுற்றளவை எடுத்தார். பாத்திரத்தைச் சுழற்றும் ரோட்டரியின் மூன்று விரல் பிடிக்குள் டம்ளரை மாட்டினார். லேசர் தலை ஓரிடத்தில் நிற்க, டம்ளர்தான் மெல்லத் திரும்பித் தன் முதுகைக் காட்ட வேண்டும். ஒடுக்கு வந்த இடத்தில் தகடு பள்ளத்துக்குள் போனது, ஒளி எட்டவில்லை. லேசர் தலையை மயிரிழை மயிரிழையாக இறக்கி, கோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, முதலில் உதவாத டம்ளர் ஒன்றை அதேபோல நசுக்கி அதில் வெட்டிப் பார்த்தார். இரண்டு முறை பிசகியது. மூன்றாம் முறை கோடு கோட்டோடு முத்தமிட்டுக்கொண்டது.

"இந்தக் கண்ணாடியைப் போட்டுக்குங்க. வெறும் கண்ணால பாக்கக் கூடாது."

பச்சைக் கண்ணாடியோடு மூவரும் குனிந்தார்கள். குண்டூசி முனையளவு வெள்ளைப் பொறி ஒன்று எஃகின்மேல் நடக்கத் தொடங்கியது. டம்ளர் சுழன்றது. பொறி நடந்த வழியெல்லாம் கோடு எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. ஒவ்வொரு முறையும் தன் பழைய தடத்திலேயே இம்மி பிசகாமல் ஓடியது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயிரம் முறை பார்த்த லேசர்க்காரரே இமைக்க மறந்தார்.

அப்போதுதான் கோட்டின் வடிவம் அவர் புத்தியில் உறைத்தது. பேச்சென்றால் புதர்போல அடர்ந்திருக்கும். இது ஈட்டி ஈட்டியாக நிற்கிறதே. மூன்று ஈட்டி, கொஞ்சம் வெட்டவெளி, மறுபடி மூன்று.

"போன மாசம் ஒரு ஜோடி, வயித்துல இருக்கற குழந்தையோட இதயத் துடிப்பைக் கொண்டுவந்தாங்க. இதுவும் அது மாதிரியாம்மா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாண்ணே" என்றாள்.

தூளைத் துடைத்து டம்ளரை நீட்டினார். அவள் அதைத் தான் வாங்காமல் பெஞ்சிலிருந்தவர் கையில் கொடுக்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலைக் கோட்டின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். ஒரு முழுச் சுற்று வந்ததும் விரல் நின்றது. மூடிய கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

லேசர்க்காரருக்குத் தாங்கவில்லை. "தப்பா நினைக்காதேம்மா. இது உங்கம்மாவோட இதயத் துடிப்பா? அப்பா இப்படி உருகுறாரே."

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"இவர் என் அப்பா இல்லைண்ணே. கட்டடம் இடிஞ்சு உள்ளே மாட்டிக்கிட்டப்போ, இந்த டம்ளரால நான் தண்ணிக் குழாயைத் தட்டின சத்தம் இது; கடைசியில என்னை எடுக்கும்போது கருவி வச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா மேலே நூறு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நின்னும் ஒருத்தருக்கும் கேக்கலை. மூணாவது நாள், கல்லு தூக்க வந்த இவரோட கைக்குத்தான் அந்தக் குழாயோட அதிர்வு தட்டுப்பட்டுச்சு."