ஜாமீன்தாரர் வீட்டுக் கதவு

கதிரேசனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அன்றே, செண்பகத்தின் வீட்டுக் கதவில் நீதிமன்றப் பூட்டைப் பொருத்திவிட்டார்கள். அவன் எல்லைக்குள் இருக்கும்வரை அதில் பச்சை விளக்கு எரியும். தாண்டினால் விளக்கு சிவந்து, கதவு பூட்டிக்கொள்ளும். அவன் திரும்பும்வரை ஜாமீன்தாரர் உள்ளேதான். அவனுடைய எல்லை நொய்யல் பாலம்.

பனியன் கம்பெனியில் அவளுக்கு அடுத்த மெஷினில் தைக்கிறவன். அடிதடி வழக்கு. ஓடுகிற ஆள் இல்லை என்றுதான் நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டிலிருந்து போன் செய்தான். "அம்மா போயிருச்சுங்க்கா. கொள்ளி நாந்தான் வைக்கோணும். சுடுகாடு பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"கோர்ட்டுல கேட்டியா?"

"மனுவ நாளைக்குத்தான் எடுப்பாங்களாம். நீங்க வேண்டாம்னா போகலீங்க்கா."

மகள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, புத்தகப் பையோடு அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள் செண்பகம். பிறகு போனில், "போய் வெச்சுட்டு வா," என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

பதினொரு மணிக்குக் கதவு பூட்டிக்கொண்டது. ஒரு மணிக்கு, ஆற்றில் குளித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். மூன்று மணிக்கு அவன் போன் அணைந்திருந்தது.

மகள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். "மாமா வந்துருவாராம்மா?"

'போயிட்டு வர்றேன்' என்று அவன் சொல்லவே இல்லை என்பது செண்பகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதனால்தான் அவனும் சொல்லவில்லை. வேறென்ன இருக்கும்.

"வந்துருவான்," என்றாள், சிவப்பு விளக்கைப் பார்க்காமல்.