மீதி மருந்து

கோழியின் கழுத்து மறுபடியும் முறுக்கிக்கொண்டது.

அவள் அதன் தலையை விரல் நுனிகளால் பிடித்து நேராக்கினாள். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டாள். பாதி உள்ளே போனது. பாதி அவள் சேலையில் வழிந்தது.

விரலை எடுத்ததும் தலை மெல்லத் திரும்பி வானத்தைப் பார்த்தது.

மடியில் கனமே இல்லை. முட்டையிடுகிற கோழிக்கென்று ஒரு கனம் உண்டு. அடிவயிற்றில் கை வைத்தால் வெதுவெதுவென்று நிறைந்திருக்கும். இதில் நெஞ்செலும்புதான் தட்டுப்பட்டது.

ஓரகத்தியின் முற்றத்தில் அவள் வந்து உட்கார்ந்து மூன்று வருடங்கள் இருக்கும்.

ஒரே முற்றம்தான். நடுவில் இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் மூத்தவர் மனைவி வள்ளிமயில். அந்தப் பக்கம் இளையவர் மனைவியான அவள். தெருவில் கோழி வளர்ப்பது இவர்கள் இருவர் மட்டும்.

இன்று காலையில் வள்ளிமயிலே சுவரோரம் வந்து நின்றாள். பதினோரு கோழிகளில் ஏழு போய்விட்டன.

"வெள்ளையா கழியுது. என்னன்னு வந்து பாரேன். ஒன் பக்கம் ஒண்ணுகூட விழலயே. ஒன் கையில ஏதோ இருக்கு, புள்ள."

அவள் செருப்பைத் தேடினாள்.

தை மாதம் அவள் பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்தில் கழிச்சல் தடுப்பு மருந்து வாங்கிவந்தாள். சுண்டுவிரல் அளவுக் குப்பி. ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

"நூறு கோழிக்குள்ளதும்மா. கலக்கிட்டா ரெண்டு மணி நேரந்தான் தாங்கும். அக்கம்பக்கத்துலயும் போட்டு விட்ருங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அவளிடம் ஒன்பது கோழிகள். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் ஒரு சொட்டு.

கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

குப்பியோடு சுவரோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் வள்ளிமயில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். கோழிகளோடு பேச்சு வேறு. ஏ ராசாத்தி, அங்கிட்டுப் போ. ஏ நொண்டிச்சி, மகாராணி, ஒனக்குத் தனியாச் சொல்லணுமா.

நிமிர்ந்தால் கூப்பிடலாம் என்று நினைத்தாள்.

ஓரகத்திதான் முதலில் பார்க்கட்டும்.

வள்ளிமயில் நிமிரவில்லை.

அவள் மீதியைச் சாம்பல் குழியில் ஊற்றினாள்.

ஊற்றியதைக்கூட மறந்துவிடலாம். ஊற்றிவிட்டு நிம்மதியாக அடுப்படிக்குப் போனாளே, அதைத்தான் மறக்க முடியவில்லை. அன்று குழம்புக்குப் புளி கரைத்தபடி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்ததுகூட நினைவிருக்கிறது.

நோய் விழுந்த பிறகு அந்த மருந்தால் ஒன்றும் ஆகாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் இன்று சீரகமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்து எடுத்துவந்தாள். சின்னச் சின்ன உருண்டையாக்கி ஊட்டினாள். ஒரு கோழி விழுங்கியது. இரண்டு கக்கிவிட்டன.

நான்காவது, நொண்டிச்சி, வாயே திறக்கவில்லை. அதைத்தான் மடியில் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நாள் விடாம முட்ட வச்சவ." வள்ளிமயில் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். "நேத்துகூட ஒண்ணு வச்சா. ஓடே இல்ல. வெறுந்தோலு. எடுக்கப் போனேன், கையிலயே ஒடஞ்சு ஓடிருச்சு."

அவள் இறகை நீவிவிட்டாள். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வள்ளிமயில் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு வருசத்துக்கு முந்தி ஒன் மக சடங்குக்கு வந்துட்டு, சோத்துல கை நனைக்காம எந்திரிச்சு வந்தேன்ல. நெறஞ்ச வீட்டுல செய்யக் கூடாதது. அந்தப் பாவந்தான் இதுகள அள்ளிட்டுப் போகுது."

அவள் நிமிர்ந்தாள்.

இல்லை என்று சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். தையில் ஒரு காலை, இந்தச் சுவர், அந்தக் குப்பி. எல்லாம் தொண்டைவரை வந்தது.

"அக்கா" என்பதுதான் வெளியே வந்தது.

மூன்று வருடங்களில் முதல் தடவை.

மடியில் நொண்டிச்சியின் கால்கள் ஒருமுறை உதைத்து நீண்டு விறைத்தன. கழுத்தின் முறுக்கு விட்டது. தலை தானாக நேரானது.

அவளுக்கு அழுகை பீறிட்டது. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

"கிறுக்கி. கோழிக்குப் போயி இப்பிடியா அழுவாக?" வள்ளிமயில் தானும் அழுதுகொண்டே சிரித்தாள். முந்தானையை இழுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். குழந்தைக்குத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தாள். "எந்தலையெழுத்து, நீ என்ன பண்ணுவ. விடு. ஒன் கோழி அடைக்கு ஒக்காந்தா எனக்கு ரெண்டு குஞ்சு குடு. போதும்."

"எல்லாத்தையும் எடுத்துக்கோங்கக்கா."

"குஞ்சு எல்லாத்தையுமா?"

"கோழிய. ஒம்பதையும். இன்னைக்கே."

முந்தானை பிடித்த கை அவள் கன்னத்தில் நின்றது.

"எதுக்கு?" என்றாள் வள்ளிமயில்.