உப்பு பார்த்த கை

செண்பகவல்லியின் அடுக்களையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்கவேண்டும். ஐந்து பிள்ளைகளும் அதற்குள்தான் இடித்துக்கொண்டு வளர்ந்தார்கள். இப்போது ஐந்து பேரும் ஐந்து தேசத்தில்.

"அடுக்களையப் பெருசாக்கித் தாரோம்மா" என்றவர்கள், பின்சுவரை எடுத்துவிட்டு, தூரத்து வீடுகளை ஆளுயரத்தில் அப்படியே நேரலையாகக் காட்டும் காட்சிச்சுவர் வைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வீட்டு அடுக்களைகளும் அவளுடையதோடு வந்து ஒட்டிக்கொண்டன. கல்யாண வீட்டுக் கொட்டகை மாதிரி அவ்வளவு இடம்!

முதல் நாள் எல்லோரும் சேர்ந்து சமைத்தார்கள். மூத்தவன் அவளுக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கினான். அவளுக்குத்தான் கண் எரியவில்லை.

புளிக்குழம்பு கொதித்தது. அந்த வீட்டில் உப்பு பார்ப்பது என்றைக்கும் கடைக்குட்டி உமையாள்தான். செண்பகவல்லி பழக்கத்தில் கரண்டியோடு திரும்பினாள்.

"ஏட்டி, கைய நீட்டு."

சுவருக்குள்ளிருந்து உமையாளும் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டிவிட்டாள். சாய்த்த கரண்டியிலிருந்து குழம்பு சுவரில் விழுந்து, மகளின் விரல்கள் மேலே கோடாக வழிந்தது.

உமையாள் வெறுங்கையை நக்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் கம்மியா இருக்கும்மா."

உப்பு சரியாக இருந்த குழம்பில் செண்பகவல்லி இன்னொரு சிட்டிகை அள்ளிப் போட்டாள்.