ஐயாவுக்குக் கட்டுப்படியான மல்பெக்

“ஐயா சந்தோசப்பட்டால் வயல் எனக்கு. கோவிச்சால் வயல் அவருக்கு. அதாலை பாத்து எடுத்துத் தாங்கோ தம்பி,” என்றான் ரூபன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்.

வவுனியாச் சூப்பர்மார்க்கெட்டின் வைன் மூலையில் நின்ற நிருஷன் நிமிர்ந்தான். கொழும்பில் அரைநாள் வைன் பயிற்சி எடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து சனம் அவனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: ‘பியர் குளிரோ?’

“என்ன மாதிரி வைன் அண்ணை?”

“மல்பெக்.”

நிருஷனுக்குக் கண் கலங்காத குறை. கனகராயன்குளத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்த ஒரு கமக்காரர், காலில் வயற்சேறு காயாமல் நின்று மல்பெக் கேட்கிறார். நாடு முன்னேறுகிறது.

“திறமாயும் இருக்க வேணும், கட்டுப்படியாகவும் இருக்க வேணும். நெல்லு வெட்டுற மிசின் புதன்கிழமைதான் வரும். அதுமட்டும் ஒவ்வொரு பின்னேரமும் ஐயாவுக்கு வைக்க வேணும்.”

நிருஷன் மூன்று போத்தல்களை இறக்கி வரிசையாக வைத்தான். “இந்தப் பாரமான போத்தலை விடுங்கோ. கண்ணாடிக்கும் தங்க லேபிளுக்கும்தான் காசு. இது மலிவுதான், ஆனா எங்கை விளைஞ்சதெண்டே போடேல்லை. நடுவிலை நிக்கிறதைப் பாருங்கோ, ஆர்ஜென்டீனா, மென்டோசா. மலையிலை உயரத்திலை விளைஞ்ச திராட்சை. மல்பெக்குக்கு உயரம்தான் உயிர். திருகுமூடி எண்டு குறைச்சு நினையாதேங்கோ, விலையும் அதாலைதான் குறைவு.”

“போத்தல் எப்பிடியெண்டாலும் காரியமில்லை. ஐயா லேபிள் வாசிக்கிறேல்லை.”

“ஐயாவுக்கு இந்த ருசி எப்பிடிப் பிடிபட்டது?”

“அத்தான் பிரான்சிலையிருந்து ரெண்டு போத்தல் கொண்டந்தவர். வைன் மூச்சுவிட வேணுமாம் எண்டு, வயல் வாடிக் கொட்டிலிலை பெரிய சட்டியிலை ஊத்தி வைச்சிட்டுக் குளிக்கப் போயிட்டார். ஐயா சொல்லாமல் கொள்ளாமல் வந்து முழுக்க முடிச்சிட்டு, குளக்கட்டுக்கு அங்காலை போய்ப் படுத்திட்டார். அண்டைக்கு வயலைப் பற்றி அவர் மூச்சே விடேல்லை.”

“சாராயம் வைச்சுப் பாக்கேல்லையோ?”

“வைச்சம். காலாலை தட்டிவிட்டிட்டார். அடுத்த நாள் மலிவு இனிப்பு வைன் வைச்சம். அண்டைக்குத்தான் பக்கத்து வயல் இளையதம்பியற்றை வேலி போனது.”

“வேலியோ! ஐயா காணிக் கந்தோரிலை அதிகாரியோ?”

“கந்தோர் ஒண்டுமில்லை. ஆனா காணியெல்லாம் தன்ரை எண்ட மாதிரித்தான் நடக்கிறவர்.”

“மேலிடத்துக்கு அறிவிக்கேல்லையோ அண்ணை?”

“அறிவிச்சம். தூர இடத்துக்கு மாத்தினவை. ஒரு மாதத்திலை திரும்பி வந்திட்டார்.”

இந்த நாட்டில் கிடைத்த இடமாற்றத்தை இல்லாமல் செய்கிற செல்வாக்கு எப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் என்று நிருஷனுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஐயான்ரை பேர்?”

ரூபன் சுற்றுமுற்றும் பார்த்தான். “அறுவடை முடியுமட்டும் நாங்கள் பேர் சொல்லமாட்டம் தம்பி. சொன்னால் வந்து நிப்பார்.”

நிருஷனும் கூரையிலிருந்த கமராவை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“சரி, என்ன சாப்பிடுவார்? மல்பெக்குக்கு மாட்டிறைச்சிதான் சோடி.”

“சிவசிவா! சுத்த சைவம்.”

“அப்ப, வாட்டின கத்தரிக்காயோடை...”

“சமைச்சது தொடமாட்டார். எல்லாம் பச்சைதான்.”

“சலட்,” என்றான் நிருஷன் மரியாதையாக. பெரிய இடத்து ஆட்களுக்கு இப்போது சீனி வருத்தம் சகஜம்.

ரூபன் நடுப்போத்தலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தான். “இது பிடிக்காமல் விட்டால் தம்பி? என்ரை மூண்டு ஏக்கரும் முத்தி நிக்குது. ஒரு பின்னேரம் அவர் முகம் கோணினால், மிசினுக்கு வேலையில்லை.”

“பிடிக்கும் அண்ணை. நான் பொறுப்பு.”

“கடைக்குள்ளை நிண்டு பொறுப்பெடுக்கிறது லேசு. அப்ப நீங்களே வந்து ஊத்திக் குடுங்கோவன்.”

நிருஷனின் தன்மானம் குத்துப்பட்டது. “ஏன், வாறன்! ஐஞ்சு மணிக்கு வேலை முடியும். ஐயாவுக்குப் பக்கத்திலை நிண்டு என்ரை கையாலை குடுக்கிறன்.”

ரூபன் அவனை மேலும் கீழும் பார்த்தான். தான் பிறந்து வளர்ந்த ஊரில்கூட இப்படி ஒரு வீரனை அவன் கண்டதில்லை.

“பக்கத்திலையோ?”

“பக்கத்திலை நிண்டால்தான் முறையைச் சொல்லிக் குடுக்கலாம்.” நிருஷன் ஒரு வெறும் கிளாசை எடுத்துச் சுழற்றினான். பிறகு மூக்கை அதற்குள் ஆழமாக விட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தான். “எடுத்த உடனை வாயிலை ஊத்தக் கூடாது. முதல் மூக்கு, பிறகுதான் வாய். இதைமட்டும் ஐயாவுக்குப் பழக்கிவிட்டிட்டன் எண்டால் காணும்.”

ரூபன் மல்பெக் போத்தல்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

“அது பழக்கத் தேவையில்லை தம்பி. அவர் தும்பிக்கையாலைதான் குடிக்கிறவர்.”