முழு மார்க்

இதய ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம். பிள்ளை இப்போது எப்படி இருக்கிறான் என்று கேள்வி கேட்டு மார்க் போட உட்கார்ந்தாள் புது நர்ஸ். இரண்டு வயதுக் குழந்தைக்காக அம்மாவும் அப்பாவும்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஓடினா மூச்சு வாங்குதா?"

"எங்களுக்குத்தான் வாங்குது" என்றான் அப்பா.

"சாப்பாடு?"

"அவன் தட்டை முடிச்சிட்டு என் தட்டுக்கு வந்துடுவான்" என்றாள் அம்மா.

"சிரிப்பானா?"

"எதையாவது உடைச்சிட்டுன்னா, ரொம்ப நல்லா!" என்றான் அப்பா.

பிள்ளை அதற்குள் எடை மெஷின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் முழு மார்க் போட்டாள்.

டாக்டர் வந்தார். "சட்டையைத் தூக்குங்கம்மா. தழும்பு ஆறியிருக்கான்னு பார்ப்போம்."

அம்மா தூக்கினாள். மார்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஐயையோ! மூத்தவனை அத்தைகிட்ட விட்டுட்டு, சின்னவனைத் தூக்கிட்டு வந்துட்டோம்!"

"ரெட்டைப் பிள்ளையா?" என்று வாயைப் பிளந்தாள் நர்ஸ்.

"நீங்கதானே சட்டை போட்டுவிட்டீங்க?" என்று புருஷன் மேல் பாய்ந்தாள் அம்மா.

"இடுப்புல தூக்கிட்டு வந்தது நீதானே?"

நர்ஸ் மார்க்கை அடிக்கப் பேனாவை எடுத்தாள். டாக்டர் தடுத்தார்.

"நாளைக்கு மூத்தவனைக் கூட்டிட்டு வரட்டும், முறைப்படி பார்த்துடலாம். ஆனா சிஸ்டர், போன வருஷம் ரெண்டு பேர்ல யாருக்கு நோவுன்னு நான் வாசல்லேர்ந்தே சொன்னேன். இன்னிக்குப் பெத்தவளுக்கே தெரியல. இதைவிட என்ன மார்க் வேணும்?"