குழாய்ப் போர்வை

"நாய்க் காப்பகத்துக்குப் போர்வை பின்னச் சொன்னா, குழாய் பின்னி வச்சிருக்கீகளேக்கா!" காப்பகத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இசைவாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த புது சிப்பிப் பின்னல்தான். குரோஷா ஊசியைக் குருவம்மாள் அழகாகத்தான் ஓட்டியிருந்தாள். ஆனால் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிவிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் வருசக்கணக்காக வெடிக்குக் குழாய் சுத்துகிற கை. பழக்கம் போகுமா என்று நினைத்துக்கொண்டாள் இசைவாணி.

"பிரிச்சிட்டு மறுபடி போடுங்கக்கா."

"பொறு தாயி."

தெருவில் யாரோ வெடி போட, காப்பகத்து மூலையில் ஒரு கிழட்டு நாய் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. குருவம்மாள் அந்தக் குழாயை அதன் தலையில் மாட்டி, இரண்டு காதையும் இதமாக மூடினாள். அடுத்த வெடிக்கு நாய் நடுங்கவில்லை.

"தீபாவளி வருதுல்ல," என்றாள் குருவம்மாள். "நாஞ் சுத்துற வெடிக்கு நாந்தான தாயி காதைப் பொத்தணும்?"