இன்னும் ஒன்பது நாள்

இடுப்புக்குக் கீழே ஈரம்.

வியர்வை என்றுதான் முதலில் நினைத்தாள். சித்திரை வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, எஞ்சினுக்குள் உட்கார்ந்தால் வியர்க்காமல் என்ன செய்யும்.

வியர்வை இல்லை.

எதிரே சிக்னல்.

"பச்சை" என்றான் செல்வின். அவளுடைய உதவி ஓட்டுநர். அவளும் "பச்சை" என்றாள். இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது விதி.

பின்னால் ஐம்பத்தெட்டு பெட்டி நிலக்கரி. சரக்கு வண்டியை என்றைக்கு யார் மதித்தார்கள். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, பாசஞ்சருக்கும் வழிவிட்டு, பொட்டல் காட்டில் மணிக்கணக்காக நிற்பதுதான் அதன் பிழைப்பு. இன்றைக்கென்று பார்த்து ராஜ மரியாதை. இதுவரை வந்த நான்கு ஸ்டேஷனிலும் பச்சை.

எஞ்சினில் கழிப்பறை கிடையாது. வரைந்தவர்களுக்கு அது தோன்றவில்லை.

கண்ணெதிரே சின்ன விளக்கு எரிந்தது. ஓட்டுகிறவர் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் எரியும். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கிறது. பொத்தானை அழுத்தாவிட்டால் கத்தும். அதற்கும் பதில் இல்லையென்றால் வண்டி தானாகவே நின்றுவிடும்.

அழுத்தினாள்.

அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது.

இந்தத் தடவை அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேசை வேலை கொடுத்திருப்பார்கள். மாமியார்தான் வேண்டாம் என்றார். "மூணு மாசம் முடியட்டும்மா. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது." போன தடவை ஊரெல்லாம் சொன்னதுதான் வினை என்று அவளும் நம்பினாள். பெற்ற தாயிடம்கூட மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்.

அடுத்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. ஸ்டேஷனில் ஒரு சிவப்பு விழுந்தால் போதும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி ஓடிவிடலாம். சிவப்பைக் கண்டாலே திட்டுகிற வாய், சிவப்பு வேண்டும் என்று வேண்டிக்கொண்டது.

"பச்சை."

பிளாட்பாரம் வந்தது. ஒரு பெண் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். பிளாட்பாரம் போயிற்று.

வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

விளக்கு. அழுத்தினாள்.

"பச்சை" என்றான் செல்வின்.

அவளிடமிருந்து பதில் வரவில்லை. திரும்பினான். முகத்தைப் பார்த்தான். பிறகு இருக்கையைப் பார்த்தான். இரண்டு பிள்ளை பெற்றவன். புரிந்துகொண்டான்.

"அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்தி, ஆம்புலன்ஸ் வரச் சொல்லணும் மேடம். என்னன்னு கேப்பாங்க. நான் சொல்லவா?"

வாக்கி டாக்கியில் பேசினால் ஸ்டேஷன் மாஸ்டர் காதோடு நிற்காது. கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு கேட்பார். எதிரே வருகிற வண்டிக்காரர்கள் கேட்பார்கள். வழி நெடுக யார் யார் காதில் விழும் என்று யார் கண்டது.

கையை நீட்டி அவளே வாங்கிக்கொண்டாள். வண்டி நம்பரைச் சொன்னாள்.

"சிவப்பு குடுங்க சார்."

சரக்கு வண்டிக்காரர் சிவப்பு கேட்டு ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "எதுக்குங்க?" என்றார்.

"நான் மாசமா இருக்கேன் சார். ரத்தம் போகுது."

இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருவர் "அய்யோ" என்றார். அது ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் இல்லை.

"வாம்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன். நீ வா."

தூரத்தில் மஞ்சள் தெரிந்தது, அடுத்தது சிவப்பு என்று அர்த்தம். செல்வின் அதைச் சொல்ல மறந்தான்.

மறுபடி விளக்கு எரிந்தது. ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மறு கையால் அழுத்தினாள்.

விளக்கு அணைந்தது. அவள் இருக்கிறாள் என்பதுவரைதான் அதற்குத் தெரியும்.